ஆங்கில வகுப்பிற் கவிதைக்கு இடமுண்டா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1990-91 ஆம் ஆண்டிற் கலைப்பீடத்து முதலாண்டு மாணவர் 22 பேருக்கு ஆங்கிலம் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர், பாடநெறி முடிந்தபின் அவர்களிடமிருந்து திரும்பி வந்த பாடநூற் பிரதிகளைப் புரட்டிப் பார்த்தார். பாடநூல் அமெரிக்க நகர வாழ்வைப் பின்னணியாகக் கொண்டது. அதன் ஓரங்களிலோ வேறோர் உலகம் கிடந்தது. அச்சிட்ட படங்களுக்கு மேல் மாணவர் கீறிய படங்கள், சினிமாப் பாட்டடிகள், அரசியற் சுலோகங்கள், காதற் குறிப்புகள், பக்கத்தில் இருந்த தோழனுக்கு எழுதிய கேலிகள் என்று வெற்றிடமெல்லாம் நிறைந்திருந்தது. பெரும்பகுதி தமிழில் இருந்தது. ஆசிரியர் முன்னே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே, அவர் கண்ணுக்குத் தப்பி எழுதப்பட்டவை இவை.

அந்த விரிவுரையாளர் பெயர் சுரேஷ் கனகராஜா. இந்த ஓரக்குறிப்புகளை அவர் குறும்பென்று ஒதுக்காமல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் என்ற பொருளிலே தலைப்பிட்டு 1999 இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது நூலில் இவ்வாய்வுக்கு முக்கிய இடமுண்டு. ஆங்கிலக் கல்வித்துறையில் உலகெங்கும் படிக்கப்படும் அந்நூல், அது பிறந்த மண்ணின் ஆங்கில ஆசிரியர் அறையில் எத்தனை பேரால் படிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் கடதாசியும் பற்றரியும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டிருந்தன. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திற் பிள்ளைகள் படித்தனர். கொப்பி வாங்குவதே பெரும்பாடாக இருந்த ஊரிலே, அச்சிட்ட தாளின் வெள்ளை ஓரம் சும்மா கிடக்குமா? ஆனாற் கடதாசிப் பஞ்சத்தை மட்டும் காரணமாகக் காட்டி அமைந்துவிட முடியாது. தம் நாளாந்த வாழ்வோடு ஒட்டாத ஒரு நூலைத் தமக்கு ஒட்டியதாக மாற்றிக்கொள்ள மாணவர் செய்த முயற்சி அதிலே தெரிகிறது. பாடத்தின் நடுவிற் பேச இடம் கிடைக்காத சிருஷ்டித் திறன் ஓரத்திலே போய்ப் பேசியது என்பதே எமது வாசிப்பு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு; கனகராஜாவும் அதை மறைக்கவில்லை. ஓரங்களில் இவ்வளவு எதிர்ப்புக் காட்டிய அதே மாணவர்தாம், ‘எங்களுக்கு இலக்கணத்தைப் படிப்பியுங்கள், பரீட்சைக்கு வேண்டியதைத் தாருங்கள்’ என்று வேண்டி நின்றனர். உரையாடற் பயிற்சிகளும் வகுப்பறை விளையாட்டுகளும் அவர்களுக்கு வீண்காலமாகப் பட்டன. வகுப்புக்கு வருவோர் தொகையும் நாளடைவிற் குறைந்தது. எதிர்ப்பும் பணிவும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. ஆங்கில வகுப்பிலே கவிதையையும் கற்பனையையும் புகுத்த வேண்டும் என்று ஆர்வத்தோடு கூறும் நண்பர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே: பிள்ளை தானே இலக்கணம் கேட்கும்போது நாம் ஏன் கவிதையை நீட்டுகிறோம்?

இதற்கு விடை காண யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் எவ்வாறு வந்தது என்பதைச் சற்றே நோக்குவோம். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் இங்கு வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிலும் 1824 இல் உடுவிலிலும் பாடசாலைகளை நிறுவினர். வட்டுக்கோட்டை செமினரியின் முதலதிபர் டானியல் பூவர். அங்கே ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் வானவியலும் கற்பிக்கப்பட்டன. அச்செமினரியிற் படித்தோர் ஆசிரியராக இருந்து 1841 இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தது. இரு மொழிகளும் ஒரே தாளில் ஒன்றையொன்று பார்த்து நின்ற காலம் அது. ஆனால் 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றவர் சுவிசேஷத்தைப் பரப்பாமல் உத்தியோகம் தேடிப் போகின்றனர் என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை. பிரசங்கிகளை எதிர்பார்த்த இடத்தில் லிகிதர்கள் உருவாகினர்.

மிஷன் கைவிட்டதை யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் கைவிடவில்லை. தோட்டக்காணியும் பனங்காணியும் தவிர வேறு வளமற்ற குடாநாட்டிலே ஆங்கிலமே வருமானந் தரும் பயிராயிற்று. கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயா ரயில்வேக்கும் போவதற்கு அது கடவுச்சீட்டு. கட்டணம் செலுத்த முடிந்தவனுக்கே அச்சீட்டுக் கிடைத்தது, முடியாதவனுக்குத் தமிழ்ப்பள்ளி. சாதியாற் ஒடுக்கப்பட்டவனுக்கோ அப்பள்ளியின் வாங்கும் இல்லை. 1930 ஆம் ஆண்டை ஒட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் எல்லோரும் சமமாக இருக்க வேண்டுமென்று அரசாங்கம் பணித்தபோது குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. ஆங்கிலக் கல்வியின் பெருமையைப் பாடுவோர் இந்தச் சாம்பலையும் நினைவிற் கொள்வது நன்று.

1945 ஒக்டோபரில் வந்த இலவசக் கல்வியும், 1950களில் இடைநிலை வகுப்புகளிலும் 1960 முதல் பல்கலைக்கழகக் கலைப்பாடங்களிலும் ஏற்பட்ட தாய்மொழிக் கல்வியும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. யாழ்ப்பாண வாலிப காங்கிரஸில் முன்னின்ற ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் தாமே ஆங்கிலத்திற் பாண்டித்தியம் பெற்றிருந்தும் தாய்மொழிக் கல்விக்காக வாதாடியவர்கள். அவர்கள் ஆங்கிலத்தை வெறுத்தவர்கள் அல்லர். ஒரு சிலரின் சொத்தாக அது இருந்ததையே வெறுத்தனர். ஆனால் ஆங்கிலம் கல்வி மொழி என்ற நிலையிலிருந்து இறங்கி ஒரு பாடமாக ஆனபோது, அதைப் பாடமாகவேனும் எல்லோருக்கும் செம்மையாகக் கொடுத்தோமா? இல்லை. தெற்கிலே சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று பெயரிட்டனர். வாள் என்பது பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984 இல் அப்பெயரையே தலைப்பாக்கி எழுதிய கட்டுரை, இலங்கையில் ஆங்கிலம் வெட்டிப் பிரிக்கும் கருவியாகத் தொழிற்படும் விதத்தை விளக்குகிறது. வடக்கிலும் அந்த வாள் கூர்மை குறையவில்லை. இன்று அது ரியூட்டரி வாசலில் விளம்பரப் பலகையாகத் தொங்குகிறது. கட்டணம் கட்டும் பிள்ளை ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதிக் கடல் கடக்கிறது. கூலி உழைப்பாளியின் பிள்ளையோ க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தைத் தவறவிட்டு, அப்பாடம் தனக்கு எட்டாதென்று பதினாறு வயதிலேயே தீர்மானித்துக்கொள்கிறது.

எனவே ஆங்கிலங் கற்பிக்கும் முறை பற்றிய கேள்வி வெறும் முறை பற்றிய கேள்வி அன்று. யாருக்கு எது கிடைக்கிறது என்ற கேள்வி.

இனிக் கவிதைக்கு வருவோம். தமிழை நாம் எவ்வாறு கற்றோம்? திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தெழுதிய பிள்ளை அடுத்துக் கண்டது ஆத்திசூடியையும் உலகநீதியையும். சற்று வளர்ந்தவுடன் நிகண்டு. சொற்பொருள் அகராதியையே செய்யுளாக்கி மனனஞ் செய்வித்த மரபு எம்முடையது. பொருள் புரியாமல் ஒப்புவிக்க வைத்த கொடுமையும் அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆறுமுக நாவலர் பாலபாடங்களை வசனத்தில் எழுதி வகுப்புவாரியாக ஒழுங்குபடுத்தியமைக்கு இந்தக் குறையை உணர்ந்தமையும் ஒரு காரணமாக இருக்கலாம். மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று அங்கேயே கற்பித்தவர் அவர். ஆயினும் ஓசை வழியாக மொழி உள்ளே புகும் என்ற உண்மையை அப்பழைய மரபு அறிந்திருந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் குழந்தைப் பாட்டாக்கியபோது அந்த ஓசையோடு பிள்ளையின் சொந்த வளவும் கூழும் வெருளியும் வந்து சேர்ந்தன. மனனம் சுமையாக இருந்த நிலை மாறிற்று.

ஆங்கிலத்துக்கு இந்த வாய்ப்பை நாம் கொடுக்கவில்லை. மிகச் சிறிய வகுப்பிலே சில பாலர் பாடல்கள் உண்டு. 1999 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் முதலாந் தரத்திலிருந்தே செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலம் வந்தது, அதிலும் பாட்டுண்டு. ஆனால் மூன்றாந் தரத்தில் முறையான பாடம் தொடங்கிச் சில ஆண்டுகள் சென்றதும் பாட்டு நின்றுவிடும். வெற்றிடம் நிரப்புதல் தொடங்கும். மேல்வகுப்பிற் கவிதை வேண்டுமானால் ஆங்கில இலக்கிய நயம் என்ற விருப்பப் பாடத்தை எடுக்க வேண்டும். அதைக் கற்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலைகள் எவை என்று ஊரார் அறிவர். கவிதை வல்லவனுக்கு வைத்த பலகாரம், மற்றவனுக்கு இலக்கணக் கஞ்சி என்பதே நடைமுறை.

கவிதை ஆங்கில வாசிப்புக்கு எவ்விதத்தில் உதவும் என்பதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது வீண். முதலாவது ஓசை. தமிழ்ச் செய்யுள் எழுத்தையும் அசையையும் அளந்து நடப்பது. ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தை எண்ணி நடப்பது. எம் பிள்ளை ஆங்கில வாக்கியத்தை வாசிக்கும்போது எல்லா அசைகளையும் சமமாக அழுத்தி வாசிக்கிறது. கேட்பவனுக்குப் பொருள் புலப்படாமைக்குத் தனிச்சொல்லின் உச்சரிப்பைவிட இதுவே பெரிய காரணம். அழுத்தத்தை விதியாகச் சொல்லிக்கொடுக்கப் புகுந்தால் ஆசிரியருக்கே தலை சுற்றும். கைதட்டி ஒரு பாட்டைச் சொல்ல வைத்தால் ஐந்து நிமிடத்தில் வரும்.

இரண்டாவது எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தின் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழப்பமானது. ஆயினும் முற்றிலும் ஒழுங்கற்றதன்று. லைட், நைட், ரைட், ஃபைட் என்று இயைபாக அடுக்கும்போது நடுவிலே ஊமையாய் நிற்கும் இரண்டு எழுத்துகளும் ஒரே குடும்பத்தின் அடையாளமாகப் பிள்ளைக்குத் தெரிகின்றன. எமது எதுகை அடியின் முதலில் நிற்க, ஆங்கிலத்தின் இயைபு அடியின் இறுதியில் நிற்கிறது. இந்த வேறுபாட்டைச் சொன்னாற் பிள்ளைகள் தாமே தேடத் தொடங்குவர். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள இரு சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ என்றே வரும். எமது பகரத்துக்கு இரு வேலை! இந்தப் பத்திரிகையில் அவ்வேறுபாட்டை அச்சிட்டுக் காட்ட முடியாத நாம், செய்யுளின் ஓசையில் மட்டும் காட்ட முடியும் என்பது வேடிக்கையானாலும் உண்மை.

மூன்றாவதே முக்கியமானது: எழுதுதல். இதற்கு எமது ஊரிலேயே ஒரு வழி கிடக்கிறது. அளவெட்டியிற் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி (1927-1971) ஆங்கிலத்தின் லிமெரிக் என்னும் ஐந்தடி நகைச்சுவைப் பாட்டைத் தமிழுக்குக் கொணர்ந்து குறும்பா என்று பெயரிட்டார். நூல் 1966 இல் வெளிவந்தது. அரசாங்க எழுதுவினைஞராகச் சேவையில் நுழைந்தவர் அவர். எந்த ஆங்கிலம் தலைமுறை தலைமுறையாக எம்மவரைக் கந்தோர் மேசையில் இருத்தியதோ அதே ஆங்கிலத்திலிருந்து விளையாட்டுத்தனமான ஒரு யாப்பைக் கவர்ந்து வந்து, யாழ்ப்பாணத்துப் போலி மரியாதையையும் பேராசையையும் அதனாற் குத்தினார். லிமெரிக்கைப் பரவலாக்கிய எட்வேர்ட் லியர் 1846 இல் தம் நூலை வெளியிட்டபோது அது அபத்தச் சிரிப்புக்கான வடிவம்; மஹாகவியின் கையிலோ அது சமூக விமர்சனம். இறக்குமதி செய்த சரக்கை உள்ளூர்த் தேவைக்கு மாற்றியமைத்தல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? கனகராஜாவின் மாணவர் பாடநூலின் ஓரத்திற் செய்ய முயன்றதை மஹாகவி நூலின் நடுப்பக்கத்திலே செய்திருந்தார்.

குறும்பாவிலிருந்து லிமெரிக்குக்குத் திரும்பி நடப்பது எளிது. மாணவன் குறும்பாவின் அமைப்பைத் தமிழில் அறிந்துகொள்கிறான்: முதலிரண்டடியும் ஐந்தாமடியும் ஓர் இயைபு, நடுவிலுள்ள இரு குற்றடிகளும் வேறோர் இயைபு, ஐந்தாமடியில் திருப்பம். அந்த அச்சிலே ஆங்கிலச் சொற்களை வார்ப்பதுதான் மிகுதி வேலை. வடிவம் சிறியது, ஆதலால் அச்சம் சிறியது. ஐந்தடி எழுத இருநூறு சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வலிகாமத்துக் கிராமப் பாடசாலை ஒன்றிலே இப்படியொரு பாடத்தை நாம் பின்வாங்கில் இருந்து பார்த்தோம். ஒன்பதாந் தரம், முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். லிமெரிக்கின் முதலடி ஓர் ஊரின் பெயரில் முடிவது வழக்கமாதலால், குடாநாட்டு ஊர்ப்பெயர்களுக்கு ஆங்கில இயைபு தேடும்படி ஆசிரியை கேட்டார். அச்சுவேலிக்கு ‘ஜெல்லி’ என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. சாவகச்சேரிக்கு ஒருத்தி ‘ஃபெரி’ என்றாள், மிதவை வள்ளம். சாவகச்சேரிக் கிழவர் ஒருவர் வள்ளத்துக்குக் காத்திருந்து காத்திருந்து தாடி வளர்த்த கதை சிறிது நேரத்தில் வெண்பலகையில் ஏறிவிட்டது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்க, ஆசிரியை மட்டும் கையிலிருந்த பேனையை மூடிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார்.

பாடம் முடிந்தபின் காரணம் சொன்னார். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தபோது, குடாநாட்டார் வெளியே செல்லக் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடக்க வேண்டியிருந்தது. கடக்கையிற் பலர் கொல்லப்பட்டனர். ஐந்து வயதுச் சிறுமியாகத் தாம் தாயின் மடியிற் குனிந்திருந்து அந்த நீரைக் கடந்ததாக அவர் கூறினார். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுக்கு வள்ளம் ஒரு சிரிப்பான இயைபு. அடுத்த பாடத்தில் இதை அவர்களுக்குச் சொல்வதா விடுவதா என்று அவர் தயங்கினார். சொல்லும்படி நாம் கூறினோம். கூறியது சரியோ என்ற ஐயம் வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மோடு வந்தது. ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வெற்றிடம் நிரப்பும் எந்தப் பயிற்சியும் அந்த வகுப்பறைக்குள் கிளாலியைக் கொண்டுவந்திராது.

இப்பொழுது இலக்கணக் கேள்விக்குத் திரும்புவோம். கவிதை என்றதும் இலக்கணத்தைக் காற்றிற் பறக்கவிடலாம் என்று எண்ணும் ஒரு கூட்டம் உண்டு. பிள்ளையின் உள்ளம் மலரட்டும், பிழை கிடக்கட்டும் என்பர். கேட்க இனிமையாக இருக்கும். இப்படிப் பேசுவோரின் பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலம் பேசுபவர்கள் என்பதை நாம் கவனித்திருக்கிறோம். அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் லிஸா டெல்பிற் 1988 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்: அதிகாரத்தில் உள்ளோரின் மொழி விதிகளை வெளிப்படையாகச் சொல்லிக்கொடாமல் விடுவது, அவ்விதிகளை வீட்டிற் கற்றுவராத பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் வாதத்தின் சாரம். யாழ்ப்பாண மாணவர் இலக்கணம் கேட்டதை அடிமைப் புத்தி என்று தள்ளிவிடுவது தவறு. அது தமக்கு மறுக்கப்பட்ட கருவியைத் தரும்படி கேட்ட கோரிக்கை.

கவிதை ஒருபுறம், இலக்கணம் மறுபுறம் என்று பிரித்து வைத்தவர் நாமே. அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோச் நியூயோர்க்கின் ஆரம்பப் பாடசாலை ஒன்றிற் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதப் பழக்கிய அனுபவத்தை 1970 இல் நூலாக வெளியிட்டார். அவரது உத்திகளில் ஒன்று மிக எளிது: ஒவ்வோர் அடியும் ‘ஐ விஷ்’ என்று தொடங்க வேண்டும், நான் விரும்புகிறேன் என்பது. கோச் இதை இலக்கணப் பயிற்சியாகக் கருதவில்லை. பிள்ளையின் கற்பனையைத் திறக்கும் சாவியாகவே கண்டார். ஆனால் அவ்வாறு தொடங்கும் ஆங்கில வாக்கியம், இப்போது இல்லாத ஒன்றை விரும்பும்போது, அடுத்து இறந்தகால வடிவத்தை வேண்டி நிற்கும் என்பதை ஆங்கில ஆசிரியர் அறிவர். இன்றைய விருப்பத்துக்கு நேற்றைய வினைவடிவம் எதற்கு என்று பிள்ளை மலைக்கும் இடம் இது. பத்து வாக்கியம் எழுதிப் பழகு என்றால் பிள்ளை பாடநூலிலுள்ள பத்தையும் மாற்றி எழுதும். உன் பத்து விருப்பங்களை எழுது என்றால் அதே வடிவத்தைப் பத்து முறை, தன் சொந்தத் தேவைக்காகப் பயன்படுத்தும்.

நாம் பார்த்த வகுப்பிலே ஒரு மாணவி எழுதினாள்: எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிப்பாயிருக்க விரும்புகிறேன். குடாநாட்டின் கரையோரக் கிணறுகள் உவராகி வரும் காலத்தில் இந்த விருப்பம் கற்பனை அன்று. இன்னொருவன், 1990 இல் விட்டு வந்த காணியில் அம்மம்மா நட்ட மாமரம் இன்னும் நிற்க வேண்டுமென்று எழுதினான். தொலைபேசியிற் கேட்கும் அப்பாவின் குரலுக்கு ஒரு கை இருக்க வேண்டுமென்று எழுதியவள் ஒருத்தி. ‘என் பாடசாலை’, ‘பசு’ என்று ரியூட்டரியில் மனனஞ் செய்து கொணர்ந்து கொட்டும் கட்டுரைகளை ஆண்டாண்டாகத் திருத்திக் களைத்த கண்களுக்கு, இவை புதிய எழுத்தாகத் தெரிந்தன. கிணற்றைப் பற்றி எழுதியவள் வினையைப் பிழையாக எழுதியிருந்தாள்: இறந்தகாலம் வரவேண்டிய இடத்தில் நிகழ்காலம். ஆசிரியை சிவப்பு மையைத் தொடத் தயங்கினார். பிள்ளையோ, “பிழையெண்டாத் திருத்துங்கோ ரீச்சர், பரவாயில்லை” என்றாள். திருத்தினார், ஏன் திருத்தினார் என்பதையும் விளக்கினார். பிள்ளையின் அடுத்த நான்கு அடிகளும் சரியாக வந்தன. ஐந்தாவதிலே மறுபடியும் நிகழ்காலம். கவிதை மந்திரமன்று.

எந்தக் கவிதையை வாசிப்பது என்பதும் சிறிய பிரச்சினையன்று. ஆங்கிலக் கவிதை என்றால் இங்கிலாந்தின் பனியும் பூவும் என்ற எண்ணம் எம்மவரிடம் இன்னும் உண்டு. காணாத பூவை மனனஞ் செய்து பரீட்சையில் வியந்து எழுதியது எமது முந்தைய தலைமுறை. ஆயினும் அதே தலைமுறையில் விபுலாநந்த அடிகள், ஆங்கிலக் கவிகளைத் தமிழ் நெஞ்சாற் சுவைத்து ஆங்கிலவாணி எழுதினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து 1926 இல் மதங்க சூளாமணியைத் தந்தார். அச்சுவேலியைப் பூர்விகமாகக் கொண்ட தம்பிமுத்து லண்டன் சென்று 1939 இல் ‘பொயெட்ரி லண்டன்’ சஞ்சிகையைத் தொடங்கினார். அழகு சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்து வாழ்வை ஆங்கிலச் சிறுகதைகளாக்கினார். இவர்கள் பெயரை அறியாமலே எம் பிள்ளைகள் பதினொரு வருடம் ஆங்கிலம் படித்து வெளியேறுகின்றனர்.

ஆங்கிலம் இங்கிலாந்தின் வீட்டுச் சொத்தாக இருந்த காலம் போய்விட்டது. ஆபிரிக்கக் கவிஞர் பலர் அம்மொழியைத் தமதாக்கினர். எம். ஏ. நுஃமான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலே, 1981 இல், பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் வெளியிட்டபோது ஆங்கில மொழிபெயர்ப்புகளே பாலமாயின. பலாலி ஆசிரியர் கலாசாலையின் அதிபராக இருந்த சோ. பத்மநாதன் ஆபிரிக்கக் கவிதைகளைத் தமிழுக்கும், எமது கவிதைகளை ஆங்கிலத்துக்கும் கொண்டுசென்றவர். ஆங்கில ஆசிரியரைப் பயிற்றியவரே கவிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார் என்பதை நாம் தற்செயலாகக் கருதவில்லை. ஒரு பலஸ்தீனச் சிறுவனின் வீட்டைப் பற்றிய கவிதையை ஆங்கிலத்திலும் தமிழிலும் பக்கம் பக்கமாக வைத்து வலி வடக்கு மாணவனுக்குக் கொடுத்தால், அவன் சொற்பொருளுக்காக அகராதியைத் தேடுவானே தவிர, பொருளுக்காக ஆசிரியரைத் தேடமாட்டான்.

கைலாசபதியின் ஆசானாகிய ஜோர்ஜ் தோம்ஸன், மார்க்சியமும் கவிதையும் பற்றி 1945 இல் எழுதிய சிறுநூலிலே, கவிதை கூட்டு உழைப்பின் ஓசையிற் பிறந்தது என்று நிறுவ முற்படுகிறார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் எழுத்தறிவு குறைந்த மீனவர் நாவிலே கவிதை நாளாந்தப் பேச்சாக வழங்கியதை நேரிற் கண்டவர் அவர். எமது கரையிலும் வலை இழுப்போரின் அம்பாப் பாட்டு இருந்தது. துலா மிதித்தோர் பாட்டும் இருந்தது. ஆங்கில வகுப்பின் பின்வாங்கில் ‘மொக்கன்’ என்று பெயர் வாங்கி இருப்பவன் பெரும்பாலும் இந்தப் பாட்டுக்காரரின் பேரன். அம்பாவின் தாளம் அழுத்தத்தின் தாளம். கயிற்றை இழுக்கும் கணத்தில் அழுத்தம் விழும். ஆங்கில யாப்பை அறிய அவன் மற்றவரைவிட ஒரு படி முன்னே நிற்கிறான் என்று எந்த ஆசிரியர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்?

நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், மேலே பரீட்சை என்ற நிலையில் நிற்கும் ஆசிரியரைக் கவிதை எழுதுவிக்கவில்லை என்று குற்றஞ் சாட்டுவது நேர்மையாகாது. வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் இதற்கு ஒதுக்க அதிபர் இணங்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனை வரும்போது கொப்பியில் ‘பாட அலகு எங்கே?’ என்று கேட்காதிருக்க வேண்டும். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையின் ஆங்கில ஆசிரிய மாணவர், பயிற்சிக் காலத்திலே தாமே ஐந்தடி எழுதிப் பார்த்திருக்க வேண்டும். தான் ஒருபோதும் எழுதாத ஆசிரியர் பிள்ளையை எழுத வைப்பது, நீந்தத் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் பழக்குவது போன்றது. குறும்பா நூலைத் தமிழாசிரியரின் அலுமாரியிலிருந்து எடுத்து ஆங்கில ஆசிரியரின் மேசையிலும் வைக்க வேண்டும். இவற்றிற் பணம் கேட்கும் காரியம் ஒன்றுமில்லை.

பணம் கேட்கும் காரியம் நூலகம். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் மீண்டது. கிராமப் பாடசாலை நூலகங்களோ பலவிடங்களிற் பூட்டிய அலுமாரிகளாகவே உள்ளன. புலம்பெயர்ந்தோர் நல்லெண்ணத்தோடு அனுப்பிய கனத்த ஆங்கில நூல்கள் மெழுகுத்தாளோடு உள்ளே கிடக்கின்றன. நாம் சென்ற பாடசாலையில் ஒன்பதாந் தரப் பிள்ளைகளின் ஐந்தடிப் பாட்டுகளை ஆசிரியை ஒரு கொப்பியில் ஒட்டித் தைத்து, நூலகத்தில் வைக்கும்படி கொடுத்திருந்தார். அதைப் பதிவேட்டில் எந்த இலக்கத்தின் கீழ்ச் சேர்ப்பது என்று தெரியாமல் நூலகப் பொறுப்பாளர் தம் மேசை லாச்சியில் வைத்திருந்தார். பிள்ளைகள் இடைவேளையில் வந்து அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதாகவும், இப்போது ஓரங்களிலும் எழுதத் தொடங்கிவிட்டதாகவும் அவர் முறையிட்டார்.